ஆட்டிசம்: முதல் சந்தேகத்திலிருந்து 18 வயது வரை, எதை எந்த வரிசையில் செய்வது

தமிழ்நாட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கான உதவிகள் பல துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. பரிசோதனை சுகாதாரத் துறையிடம், அடையாள அட்டை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம், படிப்பு பள்ளிக் கல்வித் துறையிடம், காப்பீடு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையிடம். ஓர் அலுவலகத்தில் சொன்னது அடுத்த அலுவலகத்துக்குப் போய்ச் சேராது. குழந்தையைப் பற்றிய எல்லா விவரமும் ஒன்றாக இருக்கும் இடம் பெற்றோர் கையில் உள்ள கோப்பு மட்டும்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஒரு கெட்டி ஃபைல் வாங்கி, மருத்துவம், சான்றிதழ், தெரபி, பள்ளி என்று நான்கு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காகிதத்தின் மூலையிலும் அது கைக்கு வந்த தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும், அலைச்சலுக்கு ஜெராக்ஸ் போதும். அசலைக் காட்டச் சொன்னால் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பெயர். பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பள்ளிப் பதிவில் அப்பா பெயர் முழுதாக என்று ஒரே குழந்தைக்கு மூன்று பெயர் இருப்பது நம் ஊரில் சாதாரணம். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு அடிக்கடி காரணமாவதும் இதுதான். மற்ற வேலைகளில் இறங்கும் முன், பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திவிடுங்கள். 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகையும் கண் பதிவும் புதுப்பிக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கண் பதிவு எளிதல்ல. கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். அந்தக் கருவி எப்படி இருக்கும், என்ன செய்யச் சொல்வார்கள் என்பதை முந்தைய நாளே படத்தில் காட்டிவிடுங்கள்.

சந்தேகம் வந்தவுடன்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதன்மேல் வைக்கிறது. சொல்லிக்கொண்டிருந்த நாலு வார்த்தையும் நின்றுபோயின. ஒன்றரை வயதுக் குழந்தையிடம் இவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினார்" என்று வீட்டில் சொல்வார்கள். இந்த ஆறுதலில் போகும் ஒன்றிரண்டு வருடங்கள்தான் பயிற்சிக்கு மிகவும் பயன்படக்கூடியவை.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது. 0 முதல் 2 வரை மதிப்பெண் என்றால் அப்போதைக்குப் பயமில்லை. 3 முதல் 7 வரை என்றால் மருத்துவர் அந்தப் பதில்களைத் துருவிக் கேட்க வேண்டும். 8-உம் அதற்கு மேலும் என்றால் நேராக முழுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இது சல்லடை மட்டும்தான், இதை வைத்து ஆட்டிசம் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது.

அடுத்தது காது. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்காமல் ஆட்டிசம் என்று எழுதுவது தவறு. குழந்தை தூங்கும்போது, சத்தத்துக்கு மூளை காட்டும் பதிலை அளக்கும் பெரா சோதனையைக் கேட்டு வாங்குங்கள். "டிவி விளம்பரம் வந்தால் ஓடி வருகிறானே, காதெல்லாம் நன்றாகக் கேட்கிறது" என்பது சோதனை ஆகாது. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தையும் விளம்பரத்துக்கு ஓடி வரும்.

போக வேண்டிய இடம், உங்கள் மாவட்டத்து அரசுத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். குழந்தை நல மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரையும் ஒரே இடத்தில் பார்க்க வைப்பதே அதன் நோக்கம், கட்டணமும் இல்லை. சென்னைக்கு அருகில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனத்துக்கும் போகலாம். போகும்போது 2 நிமிட வீடியோக்கள் மூன்று நான்கு செல்போனில் இருக்கட்டும்: தனியாக விளையாடுவது, வேறு குழந்தைகளோடு இருப்பது, சாப்பிடுவது, கோபம் வந்தால் என்ன ஆகிறது என்பது. புது இடத்தில் குழந்தை ஒடுங்கிப் போய் உட்கார்ந்துவிடும். வீட்டில் நடப்பதை மருத்துவர் பார்க்க வேறு வழியில்லை.

மூன்று வயதுக்கு மேல் இந்திய ஆட்டிச அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஆறு பிரிவுகளில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70-ஐ எட்டாவிட்டால் இந்த அளவுகோலின்படி ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பெரும்பகுதி மதிப்பெண் பெற்றோர் சொல்லும் பதிலை வைத்துத்தான் விழுகிறது. "எப்போதாவது செய்வான்", "பரவாயில்லை, சமாளித்துக்கொள்வோம்" என்று பாசத்தில் குறைத்துச் சொன்னால் மதிப்பெண்ணும் குறையும், கிடைக்க வேண்டிய உதவியும் குறையும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது, நீங்கள் நினைவூட்டாதபோது குழந்தை என்ன செய்யும் என்பதைச் சொல்லுங்கள்.

சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். பேச்சுப் பயிற்சி தொடங்க எந்த அட்டையும் தேவையில்லை.

அடையாள அட்டை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் தனி வகை. விண்ணப்பங்களிலும் அரசாணைகளிலும் "மதி இறுக்கம்", "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கம்" என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். குழந்தையை அறிந்த எவருக்கும் அந்தப் பெயர் உறுத்தும். ஆனாலும் டிக் அடிக்க வேண்டிய கட்டம் அதுதான். அறிவுசார் குறைபாடு என்ற கட்டத்தை அவசரத்தில் டிக் அடித்துவிட்டுப் பிறகு வகையை மாற்ற அலைவது பெரிய வேலை. இரண்டும் இருந்தால் இரண்டையும் சான்றிதழில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, இருக்கிற மருத்துவ அறிக்கைகள் போதும். வீட்டில் இணைய வசதி இல்லாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். பிறகு மருத்துவமனையில் நேரில் மதிப்பீடு. மனநல மருத்துவரும் உளவியலாளரும் எல்லா நாளும் இருக்க மாட்டார்கள். எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம். பள்ளியில் படிக்கும் குழந்தை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கே மருத்துவர்கள் வருவார்கள். முகாம் தேதியை அந்த மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் கேட்டு வையுங்கள்.

சான்றிதழில் எழுதும் குறைபாட்டு அளவில் 40 சதவீதம் என்பது முக்கியமான கோடு. கல்வி, வேலை ஒதுக்கீடுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. அட்டையின் நிறத்திலேயே இது தெரியும்: 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சிறு வயதில் கொடுக்கும் சான்றிதழுக்குக் காலாவதித் தேதி உண்டு. அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே செல்போனில் நினைவூட்டல் வையுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு நேரத்தில் சான்றிதழ் காலாவதியாகிக் கிடப்பதைவிடப் பெரிய தலைவலி கிடையாது.

அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நான்கு குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு, வயது வரம்பு இல்லை, முன் மருத்துவப் பரிசோதனையும் இல்லை. மருத்துவமனையில் படுக்காமலே பெறும் தெரபிக்கும் ஒரு வரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கும், பெரும்பாலான தனியார் காப்பீடுகளில் இல்லாத வசதி இது. கோரிக்கை தள்ளுபடியாவது பெரும்பாலும் ரசீதால்தான். தெரபி நிலையத்தின் ரசீதில் பதிவு எண், தெரபிஸ்டின் தகுதி, தேதி, குழந்தையின் முழுப் பெயர், கையொப்பம், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டு போய்விடும்.

தெரபி, வீட்டு மொழி

ஒரு தெரபி நிலையத்தில் சேர்க்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? அடுத்த மூன்று மாதத்தில் எதை எதிர்பார்க்கிறீர்கள், எழுதித் தருவீர்களா? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்? கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்துக் குழந்தையைக் கையில் கொடுக்கும் இடத்தால் பெரிய பயன் இருக்காது. குழந்தையின் வாரத்தில் தெரபி இரண்டு மூன்று மணி நேரம்தான், மீதியெல்லாம் உங்களோடு. ஸ்டெம் செல் ஊசி, உடலிலிருந்து உலோகத்தை இறக்கும் மருந்து, அழுத்த ஆக்சிஜன் அறை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இவை ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆபத்து உண்டு.

மொழி விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. "பள்ளியில் இங்கிலீஷ், அதனால் வீட்டிலும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் குழம்பிவிடுவான்" என்று படித்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். உடனே அம்மா தனக்குச் சரளமாக வராத மொழிக்கு மாறுகிறார். பாட்டி பேச்சையே நிறுத்திக்கொள்கிறார். நாள் முழுக்க வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, "கம்", "சிட்", "ஈட்" என்று சுருங்கிப்போகிறது. பேச்சு தாமதமாகும் குழந்தைக்குத் தேவை நிறையப் பேச்சு, உயிருள்ள பேச்சு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி கெடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்களுக்குத் தமிழ் எப்படி வருமோ அப்படியே பேசுங்கள், குளிப்பாட்டும்போது, தோசை ஊற்றும்போது, பேருந்துக்கு நிற்கும்போது. தெரபிஸ்டிடமும் தமிழில் பயிற்சி தரச் சொல்லுங்கள்.

படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயமும் தேவையற்றது. தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, போதும், உதவி என்று ஐந்து படங்களில் தொடங்குங்கள். உங்கள் வீட்டுச் சொம்பையும் தட்டையும் போட்டோ எடுத்து, உள்ளங்கை அளவு அட்டையில் ஒட்டி லேமினேட் செய்தால் போதும். "போதும்" என்ற அட்டையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வழி இல்லாத குழந்தைதான் கடிக்கிறது, தட்டைத் தள்ளிவிடுகிறது. சென்னையில் உருவான அவாஸ் செயலி தமிழிலும் பேசும், படங்கள் பழகியபின் அதற்கு மாறலாம்.

பள்ளி

பள்ளியில் சேர்ப்பது யாரும் செய்யும் தயவு அல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரையும், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 2016 சட்டப்படி 18 வயது வரையும் இலவசக் கல்வி உரிமை. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். சேர்க்கைக்குத் தேர்வு வைக்கக் கூடாது. சிறுபான்மை நிறுவனம் அல்லாத தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு, மாற்றுத்திறன் குழந்தைகள் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

"இங்கே வசதி இல்லை, வேறு பள்ளி பாருங்கள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்புவார்கள். வாக்குவாதம் வேண்டாம். சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல இடங்களில் பதில் மாறிவிடும். மாறாவிட்டால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கும் மேல் மாநில மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர்.

சேர்ந்தபின் வகுப்பாசிரியர் கையில் கொடுக்க வேண்டியது 30 பக்க மருத்துவ அறிக்கை அல்ல. 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது. ஒரே பக்கம் எழுதுங்கள், பெரிய எழுத்தில். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: எப்படிக் கேட்பான், கழிப்பறை போக வேண்டும் என்பதை எப்படிக் காட்டுவான். எது பிடிக்கும். எந்தச் சத்தம், எந்தத் தொடுகை தாங்க முடியாது. தாங்க முடியாமல் போவதற்கு முன் என்ன அறிகுறி தெரியும். அப்போது என்ன செய்தால் அடங்கும், எதைச் செய்தால் அதிகமாகும். ஓடிவிடும் பழக்கம் உண்டா. வலிப்பு உண்டா, வந்தால் என்ன மருந்து, யாருக்கு போன் செய்வது.

"சத்தம் பிடிக்காது" என்று எழுதினால் உதவாது. "காலை வழிபாட்டில் டிரம் அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். அப்போது பின் வரிசையில், ஒலிபெருக்கிக்குத் தள்ளி நிற்க வைத்தால் போதும். கையை இழுத்து நேராக நிறுத்தினால் கடிப்பான்" என்று எழுதினால் ஆசிரியருக்குச் செய்ய வேண்டியது கையில் கிடைத்துவிடுகிறது. ஓடும் குழந்தை என்றால் பள்ளிக்குப் பக்கத்தில் குளமோ கிணறோ இருப்பதையும் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம். கேட்டில் எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும், சட்டையின் உட்புறம் தைத்த தொலைபேசி எண்ணும் அவசியம்.

அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பள்ளிக்கு வருவார். வரும் கிழமையைத் தெரிந்து வைத்துக்கொண்டு அன்று நேரில் பாருங்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் அவருக்கு நேரம் குறைவு. பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைகளுக்கு இல்லம் சார்ந்த கல்வியும் உண்டு. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கானது அது. அடம் பிடிக்கிறான், சத்தம் போடுகிறான் என்பதற்காக அங்கே தள்ளிவிடப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தனிநபர் கல்வித் திட்டம், அதாவது இந்தக் குழந்தை இந்த ஆண்டு எதைக் கற்க வேண்டும் என்ற திட்டம், எழுத ஆசிரியரோடு ஜூனிலேயே உட்காருங்கள். மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். "பேச்சு முன்னேற வேண்டும்" என்பது இலக்கு ஆகாது, டிசம்பரில் அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "தண்ணீர் வேண்டும்போது, யாரும் கையைப் பிடிக்காமல், தானே அட்டையை எடுத்து ஆசிரியரிடம் கொடுப்பான், 5 தடவையில் 4 தடவை, செப்டம்பர் முடிவதற்குள்" என்பது இலக்கு. யார் கற்றுத் தருவார், எந்தப் பாடவேளையில், யார் குறித்து வைப்பார் என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

"திடீரென்று அடிக்கிறான்" என்று பள்ளியிலிருந்து புகார் வந்தால், இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: மணி என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். முந்தைய இரவு தூக்கம், மலச்சிக்கல், பல்வலி ஆகியவற்றை வீட்டில் நீங்கள் குறியுங்கள். பக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் கண்ணில் படும். எழுத்து வேலை வந்ததும் அடி, அடித்ததும் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார்கள் என்று வந்தால், வேலையிலிருந்து தப்பிக்கும் வழியாக அடியை வகுப்பே கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வேலையைப் பாதியாகக் குறைத்து, அதற்கு முன்பே "போதும்" அட்டையைக் கையில் கொடுத்தால் அடி குறையும். முதல் நாலைந்து நாள் அடி கூடவும் செய்யும், அதைக் கண்டு கைவிட்டுவிடக் கூடாது.

தேர்வு

அரசுத் தேர்வுகள் இயக்ககம் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகளைத் தருகிறது. சி.பி.எஸ்.இ.-யில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிட வீதம் கூடுதல் நேரம். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு பழகுவது தனித் திறமை. பதில் தெரிந்தும் முன்பின் தெரியாதவரிடம் வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே வகுப்புத் தேர்வுகளை அப்படி எழுதிப் பழகட்டும். மொழி விலக்கை வாங்கும் முன், பிற்பாடு படிக்க நினைக்கும் படிப்புக்கு அந்த மொழி தேவைப்படுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத முடியாதவர்களுக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நல்ல வழி. ஐந்து பாடங்களை, ஐந்து ஆண்டுக்குள், ஒவ்வொன்றாகக்கூட எழுதித் தேறலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அரசு வேலையில் 4 சதவீதம், அதில் 1 சதவீதம் ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளிட்ட பிரிவுகளுக்குப் பொதுவானது.

18 வயதுக்கு முன்னும் பின்னும்

14 வயதிலேயே பாடப் புத்தகத்தின் பங்கைக் குறைத்து வேறு திறன்களைக் கூட்டுங்கள்: தனியாகக் குளிப்பது, சவரம், மாதவிடாய் நாட்களைக் கவனித்துக்கொள்வது, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவது, யார் எங்கே தொடலாம் கூடாது என்பது, பேருந்து எண். தொழிற்பயிற்சிக்கு அனுப்பும்போது "மெழுகுவர்த்தியும் காகிதப் பையும்" என்று எல்லோரையும் ஒரே வேலையில் உட்கார வைக்கும் இடமா என்று பாருங்கள். கணக்குப் பதிவில் பிழை கண்டுபிடிக்கும் கண்ணும், மாவைச் சரியான அளவில் பிசையும் கையும் வேறு வேறு பிள்ளைகளிடம் இருக்கும்.

18 முடிந்ததும் சட்டப்படி பெற்றோரின் இயல்பான பாதுகாவலர் பொறுப்பு முடிகிறது. வங்கிக் கணக்கிலோ சொத்து விஷயத்திலோ இது திடீரென்று முட்டும். தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம், நீதிமன்றம் போகத் தேவையில்லை. பாதுகாவலர் ஆனவர் 6 மாதத்துக்குள் அந்த நபரின் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் கணக்கையும் குழுவிடம் கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. நிதானமாக, படமாகவோ எழுத்தாகவோ விளக்கினால் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்யக்கூடியவர்மேல் முழுப் பாதுகாவலர் பொறுப்பை ஏற்றுவது அவர் உரிமையைப் பறிப்பதாகும். 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசிச் செயல்படும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலருக்கு இடம் தருகிறது. முதலில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோரில் ஒருவர் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ என்றால், குடும்ப ஓய்வூதியப் பதிவில் மகன் அல்லது மகளின் பெயரைச் சான்றிதழோடு உயிரோடிருக்கும்போதே சேர்த்துவிடுங்கள், பின்னால் செய்வது பல மடங்கு கடினம். பகல்நேர மையங்களுக்கும் குழு இல்லங்களுக்கும் தேசிய அறக்கட்டளையின் திட்டங்கள் உண்டு, இடங்கள் குறைவு. அவசரம் வரும் முன்பே வருடத்துக்கு ஓரிரு முறை நாலைந்து நாள் தங்கிப் பழக விடுங்கள். அப்பா அம்மா இல்லாத முதல் இரவு, ஒரு சாவுக்கு மறுநாளாக இருக்கக் கூடாது.

அங்கே கொடுப்பதற்கும் அந்த ஒரு பக்கம்தான் வேண்டும். பள்ளிக்கு எழுதியதை எடுத்து வைத்து, இந்த முறை அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, வரிக்கு வரி கேட்டு எழுதுங்கள். காலை காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதும் அதில் இருக்கட்டும்.